டாக்டர் ஹூ: ஓய்வா, சிக்கனமா, புதிய கூட்டாளியா, முதலிலிருந்தா?

2025 அக்டோபர் இறுதியில் பிபிசி இரண்டு செய்திகளை ஒன்றாகச் சொன்னது. தன் அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவை வெளிநாடுகளில் வெளியிட்டு வந்த கூட்டாளி டிஸ்னி விலகுகிறது. தொடரின் தலைமை எழுத்தாளர் ரஸல் டி டேவிஸ் எழுதும் கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோட் ஒன்று 2026-இல் வரும். அதற்கப்பாலும் தொடர் உண்டு என்று உறுதி சொன்னார்கள், என்ன வடிவில் என்று சொல்லவில்லை. கதையின் நாயகர் டாக்டர், காலத்தில் பயணிக்கும் வேற்றுக்கிரகவாசி; சாகும் தறுவாயில் உருமாறி வேறொரு நடிகரின் முகத்தோடு தொடர்வார். கதையோ அதற்கு முன்பே, 2025 மே 31 அன்று, டாக்டராக நடித்த ஷூட்டி காட்வா நடிகை பில்லி பைப்பராக உருமாறிய காட்சியோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ரசிகர்கள் நான்கு கட்சியாகிவிட்டார்கள். பத்து வருடம் மூட்டை கட்டி வைக்கச் சொல்கிறது ஒன்று. பிபிசி தன் சொந்தக் காசில் சிறியதாக எடுக்கட்டும் என்கிறது இன்னொன்று. வேறொரு பெரிய ஸ்ட்ரீமிங் கம்பெனியைப் பிடி என்பது மூன்றாவது. பழைய கதையெல்லாம் செல்லாது, முதலிலிருந்து தொடங்கு என்பது நான்காவது. இந்த நான்கும் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டவை. 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய தொடர் என்பதால் ஊகிக்கத் தேவையில்லை, பழைய கணக்கைப் புரட்டினாலே போதும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதை வைத்து அடித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் வேறு வேறு கணக்குகளை ஒப்பிடுகிறார்கள். ஒளிபரப்பான இரவு மட்டும் பார்த்தவர்கள் ஒரு கணக்கு, ஏழு நாளுக்குள் பார்த்தவர்கள் இன்னொன்று, 28 நாள் மூன்றாவது. 2024-இல் எபிசோடுகள் பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரில் நள்ளிரவே வந்துவிட்டன. 2025-இல் காலை எட்டு மணிக்கு வந்தன. மாலையில் பிபிசி ஒன்றில் ஓடியபோது ஆர்வலர்களில் பலர் பார்த்து முடித்திருந்தார்கள். அந்த இரவுக் கணக்கை 2005-இன் ஏழு நாள் கணக்கோடு வைத்து அழுவதில் பயனில்லை. தொடரின் வரலாற்றிலேயே அதிகபட்சமான 1 கோடியே 61 லட்சம் எப்போது கிடைத்தது? 1979-இல், போட்டிச் சேனலான ஐடிவி வேலைநிறுத்தத்தில் இருட்டாகிக் கிடந்தபோது.

ஆனாலும் சரிவு நிஜம். 2005-இல் திரும்பி வந்த முதல் எபிசோடை 1 கோடியே 8 லட்சம் பேர் பார்த்தார்கள். 2018-இல் டாக்டராக ஜோடி விட்டேக்கர் நடித்த முதல் எபிசோடுக்கும் ஏறத்தாழ அதே கூட்டம். 2024-இல் ஏழு நாள் கணக்கிலும் 40 லட்சத்தை ஒட்டியோ கீழேயோதான். இந்த மூன்றில் நடுவிலுள்ளதைக் கவனியுங்கள். 55 வயதான தொடருக்கு அத்தனை பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அழைத்தால் வருகிறார்கள், தங்குவதில்லை. எனவே எந்த யோசனையையும் கீழ்க்கண்ட நான்கை வைத்தே அளக்க வேண்டும்.

வருடத்துக்கு எத்தனை எபிசோட்? என் பார்வையில் இதுதான் தலையாய கேள்வி. 2005 முதல் 2008 வரை வருடம் 13, கூடவே ஒரு கிறிஸ்துமஸ் எபிசோட். 2014, 2015, 2017-இல் 12. 2016-இல் கிறிஸ்துமஸ் ஒன்று மட்டும். 2018-இல் 10, 2019-இல் புத்தாண்டன்று ஒன்று, 2020-இல் மறுபடி 10. 2021-இன் சீசனில் 6. 2022-இல் மூன்றே மூன்று. 2024, 2025-இல் எட்டெட்டு. 2026-க்கு அறிவித்தது ஒன்று. சரிவுக்குக் காரணம் இந்த டாக்டரா அந்த எழுத்தாளரா என்று வாதிடுபவர்கள் இந்த வரிசையை ஒருமுறை மேலிருந்து கீழே படிக்கலாம்.

பணம் யாருடையது? கொடுப்பவர் எழுந்து போனால் எது நிற்கும், எது விழும்?

ஒன்பது வயதுப் பிள்ளை நுழைய முடியுமா? சனிக்கிழமை மாலை, குடும்பம் மொத்தமும் உட்காரும் நேரம். தொடர் அதற்காகவே பிறந்தது.

புதிய எழுத்தாளருக்கு இடம் உண்டா? 13 எபிசோட் இருந்தால் ஷோரன்னர், அதாவது தொடரை நடத்தும் தலைமை எழுத்தாளர், ஐந்தாறு எழுதி, மிச்சத்தைப் பிரித்துக் கொடுப்பார். எட்டு என்றால் மிச்சம் சுருங்கிவிடும். 2024 சீசனின் எட்டில் ஆறு டேவிஸ் எழுதியவை, ஒன்று முன்பு அதே ஷோரன்னர் நாற்காலியில் இருந்த ஸ்டீவன் மொஃபட் எழுதியது. வெளியாருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. 2025-இல் இது ஓரளவு சரிசெய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

கதைமரபு கெட்டுவிட்டது என்ற புகாரை அளவுகோலாக நான் சேர்க்கவில்லை. 2020-இல் டாக்டரின் பிறப்புக் கதை மாற்றி எழுதப்பட்டது பலருக்கு இன்னும் ஆறவில்லை, புரிகிறது. ஆனால் 1996 தொலைக்காட்சித் திரைப்படம் டாக்டரைப் பாதி மனிதர் என்றது. பின்னால் வந்தவர்கள் அதை மறுக்கக்கூட இல்லை, பேசாமல் விட்டுவிட்டார்கள். செத்துப்போயிற்று. பிடிக்காத விவரத்துக்கு இந்தத் தொடரில் அதுவே மருந்து.

## வழி 1: நீண்ட ஓய்வு

இதைக் கேட்பவர்கள் காட்டும் சாட்சி 1989 முதல் 2005 வரையான இடைவெளி. பதினாறு வருடம் கிடந்தது, எழுந்தபோது சிங்கமாக எழுந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பதினாறு வருடமும் தொடர் தூங்கவில்லை. 1991 முதல் வர்ஜின் பதிப்பகம் புதிய டாக்டர் ஹூ நாவல்களை வெளியிட்டது, புதியவர்களின் கையெழுத்துப் பிரதிகளையும் வாங்கிப் படித்தது. 2005-க்குப் பிறகு தொடருக்கு எழுதிய டேவிஸ், பால் கார்னெல், மார்க் கேட்டிஸ் எல்லாரும் அங்கே எழுதியவர்கள். கார்னெலின் 1995 நாவல் 2007-இல் இரண்டு எபிசோடாகவே வந்தது. 1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனம் பழைய நடிகர்களை வைத்து ஒலி நாடகங்கள் வெளியிட்டது. ஆக, நின்றது படப்பிடிப்பு மட்டும். எழுத்துப் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது.

குறுகிய ஓய்வின் கணக்கு வேறு. 1985-இல் பிபிசி தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்தியது. அதற்கு முந்தைய சீசன் 45 நிமிடத்தில் 13 எபிசோட், சராசரியாகச் சுமார் 70 லட்சம் பேர். திரும்பி வந்தது 25 நிமிடத்தில் 14 எபிசோட், சுமார் 48 லட்சம் பேர். ஒளிபரப்பு நேரம் 585 நிமிடத்திலிருந்து 350 ஆகிவிட்டது. 1987 முதல் அதை ஐடிவியின் புகழ்பெற்ற நெடுந்தொடர் கொரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்கு எதிரே போட்டார்கள். 1989-இன் முதல் எபிசோடுக்கு 31 லட்சம். அந்த டிசம்பரில் கதை முடிந்தது. ஓய்வு கொடுத்து, பிறகு குறைவாகத் திருப்பித் தந்தால், பழக்கம் விட்டுப்போன வீடு திரும்பி வராது.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று உண்டு. இந்தத் தொடருக்கென்றே கார்டிஃபில் இருபது வருடமாக வளர்ந்த ஒப்பனை, உயிருருவ முகமூடி, அரங்க அமைப்புக் குழுக்கள் வேறு வேலைக்குக் கலைந்துவிடும். அந்தக் கைப்பழக்கத்தைத் திரும்பக் கூட்ட ஒரு சீசன் பிடிக்கும். பிபிசி இயங்க அனுமதி தரும் அரச சாசனம் 2027 டிசம்பர் 31-இல் முடிவதையும் மறக்கக் கூடாது. புதிய சாசனத்துக்கான பேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் தொடரைக் காப்பாற்றுவதைவிட நிறுத்தி வைத்த தொடரை மறப்பது சுலபம்.

ஓய்வு பொருந்தும் சூழல்: அடுத்த ஷோரன்னர் இன்னும் கிடைக்கவில்லை, நாவலும் ஒலி நாடகமும் தடையின்றி வரும், திரும்பும் வருடத்தை இப்போதே சொல்லிவிட முடியும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஐந்து வருடம் விடலாம்.

## வழி 2: சொந்தக் காசில், சிக்கனமாக

ஏழ்மை இந்தத் தொடருக்குப் புதிதல்ல. அதன் நல்ல எபிசோடுகளில் பல அங்கேதான் பிறந்தன. 1970-இல் டாக்டரைப் பூமிக்கு நாடுகடத்தினார்கள். கதையில் அது தண்டனை, கணக்கில் அது சிக்கனம்: வேற்றுக்கிரக அரங்குகள் வேண்டாம், நிஜத் தொழிற்சாலையும் குவாரியும் போதும். முந்தைய சீசனின் 44 எபிசோடை 25 ஆக்கி, ஒரு நான்கு எபிசோட் கதையும் மூன்று ஏழு எபிசோட் கதைகளுமாகப் பிரித்தார்கள். ஒரு முறை கட்டிய அரங்கும் ஒரு முறை தைத்த அரக்க உடையும் ஏழு வாரம் உழைத்தன.

2005-க்குப் பிறகும் மூன்று உத்திகள் வேலை செய்திருக்கின்றன.

- ஒரே அறைக் கதை. 2008-இன் மிட்நைட் ஏறத்தாழ முழுவதும் ஒரு பயண ஊர்தியின் உள்ளே. அரக்கன் கண்ணில் படுவதே இல்லை, குரல்தான். 2015-இன் ஹெவன் சென்ட்டில் பெரும்பாலும் அப்போதைய டாக்டர் பீட்டர் கபால்டி ஒருவரே.
- இரட்டைப் படப்பிடிப்பு. முன்னணி நடிகர் ஓர் எபிசோடில் முழுநேரம் நடிக்க, அவர் சிறிது மட்டும் தோன்றும் இன்னொன்றை மற்றொரு குழு அதே நாட்களில் எடுக்கும். 13 எபிசோடுக்கான கால அட்டவணையில் 14 முடிக்க இதுவே வழி. 2007-இன் பிளிங்க் அப்படி வந்ததுதான். மறுவருடம் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது.
- தொகுதி. ஒரே இயக்குநரிடம் இரண்டு மூன்று எபிசோடைக் கொடுத்து, ஒரே இடத்தை, ஒரே குழுவை, ஒரே வாடகையைப் பகிர்ந்துகொள்வது.

இங்கே ரசிகர்கள் பலர் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. உயர்செலவு நாடகத்துக்கான பிரிட்டன் வரிச்சலுகை, ஒளிபரப்பு நேரத்தில் மணிக்குச் சராசரி 10 லட்சம் பவுண்டு மையச் செலவு (நேரடித் தயாரிப்புச் செலவு) இருந்தால்தான் கிடைக்கும். சலுகையாகக் கிடைக்கும் வரவு செலவில் 34 சதவீதம். அதையும் செலவின் 80 சதவீதம் வரைதான் கணக்கிடலாம். அந்த வரவுக்கும் 25 சதவீத நிறுவன வரி உண்டு. எல்லாம் போக, செலவில் ஐந்தில் ஒரு பங்கு கைக்குத் திரும்பும். செலவு முழுவதும் பிரிட்டனுக்குள்ளேயே என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10.5 லட்சத்தில் எடுத்தால் நிகரமாகப் போவது சுமார் 8.4 லட்சம். இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம் என்று 9.5 லட்சத்தில் எடுத்தால் 9.5 லட்சமும் போகும். அதாவது குறைவாகச் செலவழித்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கூடுதலாக இழக்கலாம். குழந்தைகள் நிகழ்ச்சி என்று தகுதி பெற்றால் இந்த 10 லட்ச வரம்பு இல்லை, வரவும் 39 சதவீதம். ஆனால் முதன்மைப் பார்வையாளர் 15 வயதுக்குக் கீழ் என்று காட்ட வேண்டும். குடும்பத் தொடரை அப்படிச் சுருக்கினால் மாலை ஏழு மணி இடம் கைவிட்டுப் போகும்.

ஆகவே சிக்கனம் என்றால் வரம்புக்குச் சற்று மேலே நின்று, கணினி வரைகலைக்குப் போகும் காசை எபிசோட் எண்ணிக்கைக்குத் திருப்புவது. வானத்தைப் பிளக்கும் இறுதிப் போர் எட்டு எபிசோடுக்கு ஒருமுறை வந்தே தீர வேண்டுமா என்ன?

இழப்பு எங்கே? வெளிநாட்டில் ஒரே நாளில் ஒரே திரையில் வெளியாவது நின்று, நாட்டுக்கு நாடு தனித்தனி விற்பனை ஆகும். பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது எரிச்சல்தான், மறைக்க வேண்டியதில்லை. வீடுகள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை நம்பியிருக்கும் பிபிசியில் ஒரு மோசமான வருடம் வந்தால் வெட்டு இங்கேயும் விழும்.

## வழி 3: புதிய கூட்டாளி

வெளிநாட்டுப் பணத்துக்கு இது முதல் முறையல்ல. 1996 திரைப்படம் ஃபாக்ஸ், யுனிவர்சல் நிறுவனங்களோடு சேர்ந்து எடுத்தது. பிரிட்டனில் 90 லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்காவில் 56 லட்சம் பேர்தான், ஃபாக்ஸுக்கு அது போதவில்லை. பிரிட்டன் விரும்பிய டாக்டரை அமெரிக்க எண்ணிக்கை முடித்து வைத்தது. அதன்பின் சினிமாப் படமாக எடுக்கலாம் என்ற பேச்சும் உரிமைக் குழப்பமும் சேர்ந்து தொலைக்காட்சிக்குத் திரும்புவதை இழுத்தடித்தன. 2003 செப்டம்பரில்தான் அறிவிப்பு வந்தது.

டிஸ்னி ஒப்பந்தத்தின் கணக்கு 2022 அக்டோபர் முதல் மொத்தம் 26 எபிசோட், இதிலிருந்து கிளைத்த ஐந்து எபிசோட் தனித் தொடரையும் சேர்த்து. பணம் திரையில் தெரிந்தது, அதில் சந்தேகமில்லை. கெட்டது வேறு இடத்தில். 2025 சீசனின் படப்பிடிப்பு 2023 அக்டோபரில் தொடங்கி, 2024 சீசன் ஒளிபரப்பாகத் தொடங்கிய நேரத்தில் முடியும் தறுவாயில் இருந்தது. முதல் சீசனில் எது எடுபடவில்லை என்று தெரியவந்தபோது இரண்டாவதைத் திருத்த வழியில்லை. மூன்றாவதைப் பற்றிய முடிவோ இரண்டாவது ஓடி முடிந்த பிறகுதான் என்றார்கள். அதுவரை காத்திருக்க எந்த நடிகரின் நாட்குறிப்பும் இடம் கொடுக்காது. அந்தரத்தில் தொங்கும் இன்றைய காட்சியின் வேர் இங்கே இருக்கிறது.

மொத்தமாக விற்றுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளில் அவற்றை உருவாக்கிய டெர்ரி நேஷனின் வாரிசு தரப்புக்கு உரிமை உண்டு. 2004-இல் பேச்சு முறிந்து, 2005 சீசன் டாலெக் இல்லாமலே போகும் நிலை வந்தது. தொடரில் வரும் எந்திர நாய் கே9 அதை உருவாக்கிய எழுத்தாளர்களுடையது. பிபிசி இல்லாமலே ஆஸ்திரேலியாவில் தனித் தொடரில் நடித்துவிட்டு வந்தது. 2023 நவம்பரில் 800-க்கு மேற்பட்ட எபிசோடுகளை ஐபிளேயரில் ஏற்றியபோது 1963-இன் முதல் கதை உரிமைப் பிணக்கால் ஏறவில்லை. வாங்க வருபவரின் வழக்கறிஞர் இதையெல்லாம் முதல் நாளே கேட்பார்.

கூட்டாளி வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி அவசியம்: அடுத்த சீசன் பற்றிய முடிவு நடப்பு சீசனின் படப்பிடிப்பு முடியும் முன்பே தெரிய வேண்டும்; கூட்டாளி விலகினால் பிபிசி சிறிய அளவில் தொடர உரிமை இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் இந்த வழி இரண்டாவதைவிட மேல்.

## வழி 4: முதலிலிருந்து

இதற்கு அதிக இடம் தேவையில்லை. 1966-இல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல்லின் முகம் இரண்டாவது டாக்டர் பேட்ரிக் ட்ராட்டனாக மாறிய நாளிலிருந்தே ரீபூட், அதாவது புதிதாகத் தொடங்குவது, இந்தத் தொடரின் உடலுக்குள் இருக்கிறது. 1970, 2005, 2010 எல்லாமே பெயர் சொல்லாத ரீபூட்டுகள். பழையதை அழிக்காமலே புதியவரை உள்ளே விட்டன.

முழுதாக அழித்துப் பார்த்ததும் உண்டு. 1965, 1966-இல் பீட்டர் குஷிங் நடித்த இரண்டு திரைப்படங்களில் டாக்டர் வேற்றுக்கிரகவாசி இல்லை, பூமியில் வாழும் ஒரு கண்டுபிடிப்பாளர். இரண்டாவது படம் சரியாகப் போகவில்லை, மூன்றாவதை எடுக்கவில்லை. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற விண்வெளித் தொடரை 2003-இல் புதிதாக எடுத்து வென்றார்களே என்பார்கள். அதன் முந்தைய வடிவம் 1978-இல் தொடங்கி 1980-க்குள் ஓய்ந்தது. அழிக்க அதிகமில்லை. இங்கே அறுபது வருடப் பழைய எபிசோடுகளும் இன்றும் விற்கும் சரக்கு. செல்லாது என்று அறிவித்தால் நட்டம் கடைக்காரருக்கே.

எண்ணை மட்டும் மாற்றினாலும் குழப்பம் மிஞ்சுகிறது. இப்போது முதல் சீசன் என்ற பெயரில் 1963, 2005, 2024 என மூன்று இருக்கின்றன.

## ஒரே பார்வையில்

| | வருட எபிசோட் | பணம் நின்றால் | புதிய பிள்ளைக்கு | எழுத்தாளருக்கு | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| நீண்ட ஓய்வு | 0 | பாதிப்பில்லை | ஒரு தலைமுறை தவறும் | நாவல், ஒலி நாடகம் இருந்தால் நல்லது | குழு கலையும் |
| சிக்கனம் | 8 முதல் 10, முயன்றால் 12 | மெதுவாகச் சுருங்கும் | நல்லது | மிக நல்லது | 10 லட்ச பவுண்டு வரம்பு |
| கூட்டாளி | 8 | சட்டென்று நிற்கும் | உலகெங்கும் எளிது | குறைவு | தாமதம், உரிமைச் சிக்கல் |
| ரீபூட் | சொல்ல முடியாது | புதிய முதலீட்டைப் பொறுத்தது | நல்லது | நடுத்தரம் | பழைய சரக்கின் மதிப்பு |

என் வாக்கு இரண்டாவதற்கு. 45 நிமிடம், பத்து எபிசோட், அவற்றில் நான்கு ஒரே அறைக் கதைகள், ஆறு வெளி எழுத்தாளர்கள், சனிக்கிழமை மாலை, வருடம் தவறாமல். பிபிசியிடம் பத்துக்குக் காசில்லை, ஆறுதான் முடியும் என்றால் மூன்றாவது வழியின் இரண்டு நிபந்தனைகளோடு கூட்டாளியைத் தேடலாம். தலைமை ஏற்க ஆளே இல்லையென்றால்தான் ஓய்வு.

## அடுத்த அறிவிப்பில் பார்க்க வேண்டியவை

புதிய டாக்டர் யார் என்பதே தலைப்புச் செய்தியாக வரும். அதை ஓரமாக வைத்துவிட்டுக் கீழே தேடுங்கள். எத்தனை சீசனுக்கு உத்தரவு? ஒன்று மட்டுமென்றால் இன்றைய அந்தரம் மறுபடி வரும். இரண்டு சேர்ந்து வந்தால் நடிகரையும் குழுவையும் கட்டிப்போடலாம். ஷோரன்னர் பெயரோடு மற்ற எழுத்தாளர் பெயர்கள் எத்தனை? படப்பிடிப்பு தொடங்கும் மாதம் சொல்லியிருக்கிறார்களா? முன்தயாரிப்பையும் பின்தயாரிப்பையும் சேர்த்தால் முதல் எபிசோட் அங்கிருந்து ஒரு வருடத்துக்குக் குறையாது. சிறப்பு எபிசோடுகள் என்ற சொல் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: 2009-இலும் 2022-இலும் அந்தச் சொல் ஒரு ஷோரன்னர் விடைபெறும் வருடத்தின் பெயராகத்தான் இருந்தது, இரண்டு முறையும் அடுத்து வரப்போகிறவர் யார் என்று முன்பே தெரிந்திருந்தது. இந்த முறை அது தெரியவில்லை.